இடுப்பு மூட்டை இரண்டாம் முறை மாற்றியபின் வீட்டில் முதல் ஆறு வாரம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் வீடு வீடாகப் போய்ப் பார்க்கிற பிசியோதெரபிஸ்ட். நான் பார்ப்பவர்களில் பாதிப் பேர் இடுப்பு மூட்டு ஆபரேஷன் முடிந்து வந்தவர்கள். ஏற்கெனவே வைத்த செயற்கை மூட்டை எடுத்துவிட்டு மறுபடி வேறு வைத்துக்கொண்டவர்கள் அவர்களில் கொஞ்சம்தான். டாக்டர்கள் இதை 'ரிவிஷன்' என்று எழுதுவார்கள். ஆனால் எனக்கு அதிகம் போன் வருவது அந்தக் கொஞ்சப் பேர் வீட்டிலிருந்துதான். அப்படி வந்த கேள்விகள் இவை. உங்கள் டிஸ்சார்ஜ் சம்மரியில் இருப்பதும் நான் சொல்வதும் முரண்பட்டால் சம்மரியைக் கேளுங்கள், என்னை விட்டுவிடுங்கள்.

முதல் ஆபரேஷனில் இரண்டே வாரத்தில் கம்பு பிடித்து நடந்தேன். இப்போது மூன்று வாரமாகியும் வாக்கரை விட முடியவில்லை. ஏதாவது கோளாறா?

பெரும்பாலும் இல்லை. முதல் தடவை டாக்டருக்குக் கிடைத்தது கை படாத எலும்பு. தொடை எலும்பு உச்சியிலிருந்த தேய்ந்த பந்தை வெட்டி எடுத்தார், இடுப்பெலும்பில் புதுக் கிண்ணத்தையும் தொடை எலும்புக்குள் புதுப் பந்தோடு கூடிய தண்டையும் பொருத்தினார். இந்தத் தடவை பழைய தழும்பைப் பிளந்து உள்ளே போக வேண்டும். தொடை எலும்புக்குள் பல வருஷமாக இறுகிப் பிடித்திருக்கும் தண்டைப் பிடுங்க வேண்டும், சிமென்ட் இருந்தால் அதையும் சுரண்டி எடுக்க வேண்டும். சில பேருக்குத் தண்டு வரவே வராது. அப்போது தொடை எலும்பின் மேல்பகுதியை நீளவாக்கில் அறுத்து, பெட்டி மூடியைத் திறப்பதுபோலத் திறந்து எடுத்துவிட்டு, திரும்ப மூடிக் கம்பி சுற்றிக் கட்டுவார்கள். அந்த எலும்பு, முறிந்த எலும்பு கூடுவதுபோலக் கூடியாக வேண்டும். ரத்தமும் முதல் முறையைவிட அதிகம் போயிருக்கும். அப்புறம், நீங்களும் பத்துப் பதினைந்து வயது கூடியவர்.

அதனால் முதல் தடவையின் நாட்கணக்கை மறந்துவிடுங்கள். பக்கத்து வீட்டுக்காரரின் கணக்கையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

முதல் மூட்டு ஏன் கெட்டது? நாங்கள் ஏதும் தவறு செய்தோமா?

இந்தக் கேள்வியை அனேகமாக மனைவியோ மகளோ வாசல் வரை வந்து, நான் செருப்பு மாட்டும்போது மெல்லக் கேட்பார்கள். பெரும்பாலும் யார் மேலும் தவறில்லை. கிண்ணத்தின் பிளாஸ்டிக் உறை வருஷக்கணக்கில் தேய்கிறது. அதன் பொடி சுற்றியுள்ள எலும்பை மெல்ல அரிக்கிறது, மூட்டு ஆட்டம் காண்கிறது. 2019-இல் லான்செட் இதழில் வந்த பெரிய தொகுப்பாய்வின்படி 15 ஆண்டு தாண்டி உழைத்தவை நூற்றுக்கு 89 அளவில், 25 ஆண்டு தாண்டியவை 58 அளவில். அதாவது மூட்டுக்கும் ஆயுள் உண்டு. தேய்மானம் தவிர, கிருமித் தொற்று, பந்து கிண்ணத்தை விட்டு அடிக்கடி நழுவுதல், விழுந்து எலும்பு முறிதல் ஆகியவையும் காரணமாகலாம். உலோகத்தோடு உலோகம் உரசும் வகை மூட்டுகளில் தனிச் சிக்கல் இருந்தது. டிபுய் நிறுவனத்தின் ஏஎஸ்ஆர் மூட்டுகள் 2010-இல் உலகம் முழுவதும் திரும்பப் பெறப்பட்டன. இந்தியாவிலும் ஆயிரக்கணக்கானோருக்கு அவை பொருத்தப்பட்டிருந்தன.

இதிலிருந்து ஒரு நடைமுறைப் பாடம்: புது மூட்டின் பெயரும் எண்ணும் உள்ள ஸ்டிக்கர் ஒட்டிய தாளை மருத்துவமனையில் கேட்டு வாங்கி, போட்டோ எடுத்து வையுங்கள். முதல் மூட்டின் தாள் இல்லாமல் அலைந்த வீடுகளுக்குத்தான் அந்தத் தாளின் அருமை தெரியும்.

சம்மரியில் 'டோ டச்' என்று எழுதியிருக்கிறது. மகன் காலை நன்றாக ஊன்றச் சொல்கிறான். யார் சொல்வதைக் கேட்பது?

தாளில் இருப்பதைத்தான். ரிவிஷனில் மிக முக்கியமான வரி இதுதான், பலரும் படிக்காமல் விடுவதும் இதைத்தான். மூன்று வகையாக எழுதுவார்கள். முழுதாக ஊன்றலாம் என்றால் வலி பொறுக்கும் அளவுக்கு ஊன்றலாம். பாதி ஊன்றலாம் என்பது இரண்டாவது. மூன்றாவதுதான் டோ டச். பாதம் தரையில் சும்மா பட்டிருக்கலாம், உடம்பின் பாரம் அதில் இறங்கக் கூடாது. நான் நோயாளிகளிடம் சொல்வது: "உங்கள் காலடியில் ஒரு பொரித்த அப்பளம் இருக்கிறது, அது நொறுங்கக் கூடாது." எலும்பை அறுத்துக் கம்பி கட்டியவர்களுக்கு இந்தக் கட்டுப்பாடு ஆறு வாரம் முதல் பன்னிரண்டு வாரம் வரை நீளலாம். எக்ஸ்ரே பார்த்து டாக்டர்தான் தளர்த்துவார்.

பாதி என்பது எவ்வளவு என்று சொல்லிப் புரியவைக்க முடியாது, எடை பார்க்கும் மெஷினில் பழகவேண்டும். மெஷினைத் தரையில் வைத்து, அதே உயரத்துக்குப் பக்கத்தில் ஒரு பலகையைப் போடுங்கள். வாக்கரைப் பிடித்துக்கொண்டு நல்ல காலைப் பலகையிலும் ஆபரேஷன் காலை மெஷினிலும் வையுங்கள். அறுபது கிலோ உள்ளவருக்கு டாக்டர் பாதி என்று சொல்லியிருந்தால், முள் முப்பதைத் தொட்டதும் நிறுத்துங்கள். நாலைந்து தடவை செய்தால் கால் அந்த அளவை ஞாபகம் வைத்துக்கொள்ளும். முதல்முறை செய்யும்போது ஒருவர் பின்னால் நிற்கவேண்டும்.

நடக்கும் வரிசை இது: முதலில் வாக்கர், அடுத்து ஆபரேஷன் கால், கடைசியில் நல்ல கால். படி இருந்தால் ஏறும்போது நல்ல கால் முன்னே, இறங்கும்போது ஆபரேஷன் கால் முன்னே.

எப்படியெல்லாம் உட்காரக் கூடாது, குனியக் கூடாது?

பின்பக்கமாகத் திறந்து செய்த ஆபரேஷன் என்றால் (இங்கே நான் பார்ப்பவர்களில் அதுதான் அதிகம்) மூன்று தடை. தொடைக்கும் வயிற்றுக்கும் நடுவிலுள்ள கோணம் 90 டிகிரிக்குக் கீழே போகக் கூடாது. கால் மேல் கால் போடக் கூடாது. பாதத்தை உள்பக்கமாகத் திருப்பக் கூடாது. முன்பக்கமாகச் செய்தவர்களுக்கு விதி வேறு, காலைப் பின்னால் நீட்டுவதும் வெளிப்பக்கம் திருப்புவதும்தான் அங்கே ஆபத்து. எந்தப் பக்கம் என்று டாக்டரிடம் ஒரே வார்த்தையில் கேட்டுக்கொள்ளுங்கள்.

டிகிரிக் கணக்கு யாருக்கும் ஞாபகம் இருக்காது. வீட்டு மொழியில் சொன்னால்: சம்மணம் போடாதீர்கள், குத்துக்கால் இடாதீர்கள், பாய் வேண்டாம், மனை வேண்டாம், திண்ணை தாழ்வாக இருந்தால் அதுவும் வேண்டாம். விழுந்து கும்பிடுவது, கோலம் போடுவது, கால் நகம் வெட்டுவது எல்லாமே தடைப் பட்டியலில்தான். தொழுகை நாற்காலியில். உட்கார்ந்தால் முழங்கால் இடுப்பைவிடக் கொஞ்சம் தாழ்ந்து இருக்கவேண்டும். ஹாலில் இருக்கும் பழைய சோபாவில் அது நடக்காது, உட்கார்ந்ததும் ஆளை விழுங்கிவிடும். கையுள்ள மர நாற்காலியில் கெட்டியான ஒரு குஷன் போட்டால் போதும்.

ரிவிஷனில் மூட்டு நழுவும் வாய்ப்பு முதல் ஆபரேஷனைவிட அதிகம். முதல் மூன்று மாதம்தான் கண்டம். நான் பார்த்த ஓர் அம்மா பெரிய தவறு எதுவும் செய்யவில்லை. பன்னிரண்டாம் நாள் காலை, கமோடு சேரில் உட்கார்ந்தபடி, தரையில் இருந்த தண்ணீர்க் குவளையை எடுக்கச் சாய்ந்தார். ஆபரேஷன் கால் பக்கமாக, பாதம் உள்ளே திரும்பியபடி. 'டக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். குவளை நாற்காலிப் பக்கத்தில் ஒரு ஸ்டூலின் மேல் இருந்திருந்தால் அந்த ஆம்புலன்ஸ் வந்திருக்காது. அன்றிலிருந்து எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் முதலில் நான் பார்ப்பது தரையில் என்ன கிடக்கிறது என்பதைத்தான். செருப்பு, போன் சார்ஜர், சொம்பு, பேப்பர் எல்லாம் இடுப்பு உயரத்துக்கு மேலே போகவேண்டும். கீழே விழுந்ததை எடுக்க நீளக் கைப்பிடி இடுக்கி ஒன்று மருத்துவச் சாதனக் கடைகளில் கிடைக்கும். கிடைக்காவிட்டால் விழுந்தது விழுந்தபடி கிடக்கட்டும்.

எங்கள் வீட்டில் இந்தியன் டாய்லெட்தான். என்ன செய்வது?

கமோடு சேர் வாங்குங்கள் அல்லது வாடகைக்கு எடுங்கள், டிஸ்சார்ஜுக்கு முந்தைய நாளே வீட்டில் இருக்கவேண்டும். கால் உயரத்தைக் கூட்டிக் குறைக்கிற மாதிரி இருந்தால் நல்லது. பிளாஸ்டிக் நாற்காலியில் ஓட்டை போட்டுச் சமாளிக்கலாம் என்று சில வீடுகளில் யோசிப்பார்கள். வேண்டாம், ஈரத் தரையில் அதன் கால் விரிந்துகொள்ளும்.

வெஸ்டர்ன் இருந்தாலும் பலருக்கு அது தாழ்வுதான், மேலே நான்கு அங்குலம் உயர்த்தும் சீட் பொருத்தவேண்டியிருக்கும். எழும்போது டவல் ராடைப் பிடிக்காதீர்கள், கையோடு வந்துவிடும். சுவரில் துளைபோட்டுக் கைப்பிடி அடிப்பது ஒரு மணி நேர வேலை. கழுவும்போது முன்பக்கமாகக் குனியாமல் ஹேண்ட் ஷவரைப் பயன்படுத்துங்கள்.

எப்படிப் படுப்பது? ராத்திரி தூக்கமே இல்லை.

மல்லாந்து, இரண்டு தொடைக்கும் நடுவில் தலையணை வைத்து. ஒருக்களித்துப் படுக்கலாம் என்று டாக்டர் சொன்னபின் நல்ல பக்கமாகத் திரும்பலாம். அப்போதும் முழங்காலிலிருந்து கணுக்கால் வரை நீளும் தலையணை நடுவில் இருக்கவேண்டும், மேல்கால் முன்பக்கம் சரியக் கூடாது. கட்டில் தாழ்வாக இருந்தால் கால்களுக்கு அடியில் மரக்கட்டை கொடுத்து உயர்த்துங்கள். ஆட்டம் இல்லாமல் நிற்கிறதா என்று வீட்டிலேயே கனமான ஆள் ஒருவர் உட்கார்ந்து பார்க்கட்டும்.

காலைத் தானாகத் தூக்கிக் கட்டிலில் வைக்க முடியாது என்று நிறையப் பேர் பயப்படுகிறார்கள். முதல் வாரங்களில் அது இயல்பு. நீளமான துண்டை மடித்து, பாதத்துக்கு அடியில் கொடுத்து, இரண்டு முனையையும் கையில் பிடித்துக் காலை மேலே கொண்டுவரலாம்.

தூக்கம் கெடுவது எல்லாருக்கும் நடக்கிறது. பகலில் நீளமாகத் தூங்காமல், மணிக்கொருமுறை எழுந்து அறைக்குள் நடந்துவிட்டு வந்தால் ராத்திரி கொஞ்சம் கண் மூடும்.

புண்ணை எப்படிப் பார்த்துக்கொள்வது? எப்போது குளிக்கலாம்?

தையலோ ஸ்டேப்ளர் பின்னோ பெரும்பாலும் 12 முதல் 14 நாளில் எடுப்பார்கள். டாக்டர் சொல்லும்வரை ஈரத் துணியால் துடைத்துக்கொள்வதே போதும். சில டிரெஸிங்கில் தண்ணீர் புகாது, அதையும் கேட்டுக்கொள்ளுங்கள். மஞ்சள், வேப்பிலை, தேங்காய் எண்ணெய், விபூதி எதுவும் புண்மேல் படக் கூடாது. நாள் ஆக ஆகக் கசிவு குறையவேண்டும். வீட்டுக்கு வந்தபின்னும் டிரெஸிங் தினமும் நனைகிறது என்றால் ரிவ்யூ தேதிவரை காத்திருக்காமல் அன்றே மருத்துவமனைக்குப் போன் போடுங்கள். ரிவிஷனில் கிருமி புகும் வாய்ப்பு முதல் தடவையைவிட அதிகம், சர்க்கரை உள்ளவர்களுக்கு இன்னும் அதிகம். மெடிக்கல் ஷாப்பில் ஆன்டிபயாட்டிக் வாங்கிப் போட்டுச் சமாளிப்பது மிகப் பெரிய தவறு. என்ன கிருமி என்று சோதித்துக் கண்டுபிடிப்பதையே அது கெடுத்துவிடும்.

கிருமியால்தான் பழைய மூட்டை எடுத்தார்கள் என்றால் மருந்துக் கலவை சேர்த்த சிமென்ட்டில் தற்காலிக மூட்டு வைத்திருக்கலாம். அவர்களுக்குப் பல வாரம் ஆன்டிபயாட்டிக், பிறகு இன்னொரு ஆபரேஷன். ஒரு வேளை மருந்தும் தவறக் கூடாது.

வலி மாத்திரையை எப்போது நிறுத்தலாம்?

வலி தாங்கும் வீரம் இங்கே உதவாது. வலித்தால் நடக்க மாட்டீர்கள், நடக்காவிட்டால் வேறு தொல்லைகள் வரும். காலைப் பயிற்சிக்கு முக்கால் மணி நேரம் முன்னால் மாத்திரை விழுகிற மாதிரி நேரத்தை அமைத்துக்கொள்ளுங்கள். டிராமடால் போன்றவை தலைசுற்றலும் குமட்டலும் மலச்சிக்கலும் தரும். எழுந்ததும் நடக்காமல் கட்டில் ஓரத்தில் இரண்டு நிமிஷம் உட்காருங்கள். மலச்சிக்கலுக்குத் தண்ணீர், கீரை, வாழைப்பழம், தேவையானால் இசப்கோல். மூன்று நாள் போகவில்லை என்றால் டாக்டரிடம் சொல்லுங்கள், முக்கக் கூடாது. கடையில் கேட்டு வாங்கும் டைக்ளோஃபினாக், ஐபுபுரூஃபன் வகைகளை ரத்தம் உறையாமல் இருக்கத் தரும் மருந்தோடு நீங்களாகச் சேர்க்காதீர்கள், வயிற்றில் ரத்தக் கசிவு வரலாம்.

ஐஸ் ஒத்தடம் துணியில் சுற்றி 15 நிமிஷம் தரலாம். வெந்நீர் ஒத்தடம் வேண்டாம்.

கால் வீங்கியிருக்கிறது. ரத்தக் கட்டியா?

ஆபரேஷன் காலில் வீக்கம் வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில் இருக்கும். காலையில் வடிந்து சாயங்காலம் ஏறினால், காலை உயர்த்தி வைத்ததும் குறைந்தால், பெரும்பாலும் சாதாரண வீக்கம். ஒரே காலில் கெண்டைச்சதை இறுகி, சூடாகி, தொட்டால் வலித்து, படுத்தாலும் வடியாமல் இருந்தால் அன்றே காட்டவேண்டும். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரையோ வயிற்றில் ஊசியோ தந்திருப்பார்கள், பலருக்கு 35 நாள் வரை. "வலி போய்விட்டது, நிறுத்திவிட்டோம்" என்று சொல்லும் வீடு வாரத்துக்கு ஒன்று. அது வலி மாத்திரை அல்ல. மாத்திரையோடு, கணுக்காலை மேலும் கீழும் ஆட்டுங்கள், ஒரு தடவைக்கு இருபது, விழித்திருக்கும் நேரமெல்லாம் மணிக்கொருமுறை. டிவி விளம்பரம் வரும்போதெல்லாம் என்று வைத்துக்கொண்ட ஒரு மாமா ஒருநாளும் தவறியதில்லை.

ஆபரேஷன் காலை பக்கவாட்டில் அகட்டும் பயிற்சியை மட்டும் முதல் ஆபரேஷன் ஞாபகத்தில் நீங்களாகத் தொடங்காதீர்கள். எலும்பை அறுத்துக் கட்டியவர்களுக்கு ஆறு வாரம் அது தடையாக இருக்கலாம்.

எப்போது உடனே ஓடவேண்டும்?

திடீரென்று மூச்சு வாங்குதல், நெஞ்சுவலி, இருமலில் ரத்தம் என்றால் யோசிக்காமல் 108. சத்தத்தோடு தாங்க முடியாத வலி வந்து, கால் குட்டையாகி, பாதம் திரும்பிக்கொண்டு, ஊன்றவே முடியாவிட்டாலும் 108. மூட்டு நழுவியிருக்கிறது, காலை இழுத்துப் பார்க்காதீர்கள், இருக்கிறபடியே தலையணை கொடுத்துத் தாங்கி வையுங்கள், மயக்கம் கொடுத்துச் சரிசெய்ய வேண்டியிருக்கலாம் என்பதால் சாப்பிடவும் தர வேண்டாம். குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல், புண்ணில் சீழ், சிவப்பு பரவுதல், குறைந்துகொண்டிருந்த வலி திரும்ப ஏறுதல் என்றால் அன்றைக்கே மருத்துவமனை.

ஒரு கால் நீளமாகிவிட்டதுபோல் இருக்கிறதே?

நிறையப் பேருக்கு அப்படித் தோன்றும். பல நாள் குறுகியிருந்த தசைகள் இழுபட்டு, இடுப்பு ஒரு பக்கம் சாய்ந்து நிற்பதால் வருவது. வாரங்களில் குறையும். அதற்குள் செருப்புக்குள் அட்டை வைத்துச் சமன் செய்யாதீர்கள். மூன்று மாதத்துக்குப் பிறகும் இருந்தால் அளந்து பார்க்கலாம்.

உருவி விட்டால் சீக்கிரம் சரியாகும் என்கிறார்கள்.

வேண்டவே வேண்டாம்.

என்ன சாப்பாடு கொடுப்பது?

ஆட்டுக்கால் சூப் கேட்காத வீடு இல்லை. கொடுங்கள், தடையில்லை. ஆனால் அதை மட்டும் நம்பி இட்லியும் ரசம் சாதமுமாக ஓட்டினால் தசை ஏறாது. முட்டை, மீன், கோழி, சைவம் என்றால் பருப்பு, சுண்டல், தயிர், பனீர், ஏதாவது ஒன்று ஒவ்வொரு வேளையும் தட்டில் இருக்கவேண்டும். சிறுநீரகப் பிரச்சினை இருந்தால் மட்டும் டாக்டரிடம் அளவு கேளுங்கள். இரும்புச்சத்து மாத்திரையை டீ, காபியோடு போட்டால் உடம்பில் சேராது, ஒரு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள்.

அப்பா ராத்திரியில் குழப்பமாகப் பேசுகிறார்.

வயதானவர்களுக்குப் பெரிய ஆபரேஷனுக்குப் பின் இது வரும். வலி மருந்து, தூக்கமின்மை, உப்புச்சத்துக் குறைவு, சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல் எது வேண்டுமானாலும் தூண்டலாம். "வயசாயிடுச்சு" என்று விட்டுவிடாமல் டாக்டரிடம் சொல்லுங்கள். வீட்டில் செய்யக்கூடியது: மூக்குக்கண்ணாடியும் காது மெஷினும் எப்போதும் கைக்கெட்டும் இடத்தில், ராத்திரி மங்கலான விளக்கு, அதே அறையில் ஒருவர் படுப்பது. குழப்பத்தில் வாக்கரை மறந்து எழுந்து நடப்பவர்கள்தான் விழுகிறார்கள்.

பார்க்க வருபவர்களை என்ன செய்வது?

இதைக் கேள்வியாக யாரும் கேட்பதில்லை, நானே சேர்த்துக்கொள்கிறேன். முதல் இரண்டு வாரம் சொந்தக்காரர்கள் வரிசையாக வருவார்கள். ஹார்லிக்ஸ் பாட்டிலோடு இருமலும் வரும். வந்தவர்களுக்கு மரியாதையாக நோயாளி ஹாலுக்கு நகர்ந்து, அந்தத் தாழ்ந்த சோபாவில் ஒன்றரை மணி நேரம் உட்காருவார். பேரன் ஓடிவந்து மடியில் ஏறுவான். "எங்க சித்தப்பா பத்து நாள்ல பஸ் ஏறிட்டார்" என்று ஒருவர் சொல்லிவிட்டுப் போவார், அன்று ராத்திரி இவர் ஊன்றக் கூடாத காலை ஊன்றிப் பார்ப்பார். சளி உள்ளவர்கள் போனிலேயே விசாரிக்கட்டும். மற்றவர்களுக்கு கால் மணி நேரம் போதும் என்பதை வீட்டில் யாராவது ஒருவர் பொல்லாப்புக்கு அஞ்சாமல் சொல்லவேண்டும். மருமகள் தலையில் அதைக் கட்டாதீர்கள், மகன் சொல்லட்டும்.

கணவன் மனைவி உறவு?

இதை யாரும் நேராகக் கேட்கமாட்டார்கள், "வேற எதும் பாத்துக்கணுமா சார்" என்று இழுப்பார்கள். பொதுவாக ஆறு முதல் எட்டு வாரம் கழித்து, டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு. ஆபரேஷன் ஆனவர் மல்லாந்து இருப்பது பாதுகாப்பு. 90 டிகிரி விதி இங்கேயும் உண்டு.

ரிவ்யூவுக்கு எப்படி அழைத்துப் போவது? ஆட்டோ சரிவருமா?

ஆட்டோ வேண்டாம், குனிந்து ஏறவேண்டும், வேகத்தடை ஒவ்வொன்றும் இடுப்பில் இறங்கும். காரில் முன் சீட். வீட்டிலேயே சீட்டை முழுக்கப் பின்னால் தள்ளி, முதுகைக் கொஞ்சம் சாய்த்து, ஒரு குஷன் போட்டு, அதன் மேல் துணிக்கடைப் பிளாஸ்டிக் பை ஒன்றை விரியுங்கள். வழுக்கித் திரும்ப அது உதவும். வண்டிக்கு முதுகைக் காட்டி நின்று, ஆபரேஷன் காலை முன்னால் நீட்டி, கையால் சீட்டைத் தொட்டுப் பார்த்தபின் உட்காரவேண்டும். பிறகு உடம்பையும் இரண்டு காலையும் ஒன்றாக மெல்ல உள்ளே திருப்புங்கள், கால் மட்டும் தனியாகத் திரும்பக் கூடாது. உட்கார்ந்ததும் பிளாஸ்டிக் பையை உருவிவிடுங்கள், இல்லாவிட்டால் பிரேக் போடும்போது ஆள் முன்னால் வழுக்குவார். வெளியூர்ப் பயணம் என்றால் மணிக்கொருமுறை நிறுத்தி இறங்கி நாலடி நடக்கவேண்டும்.

கிளம்பும் முன் வாக்கரைக் கவிழ்த்து அடியிலுள்ள ரப்பர் குமிழ்களைப் பாருங்கள். மூன்று வாரத்தில் ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருந்தால் அவர் அந்தப் பக்கம் சாய்ந்து நடக்கிறார் என்று அர்த்தம், அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். புது ரப்பர் மருத்துவச் சாதனக் கடையிலேயே கிடைக்கும், போகிற வழியில் வாங்கி மாட்டிவிடலாம்.